நோகுது என்று சொன்னால்

வலைப்பந்தாட்டம் பார்க்க வருகிறவர்களின் கண் எப்போதும் வளையத்தில்தான் இருக்கும். பந்து போட்டவளின் பெயர் அடுத்த நாள் காலைக்கூட்டத்தில் வாசிக்கப்படும். பந்தைத் தடுத்தவளின் பெயரை அவளே வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னால்தான் உண்டு. நாடு முழுவதற்கும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியாத வலைப்பந்துப் பிள்ளை இலங்கையில் இருக்கமாட்டாள். 6 அடி 10 அங்குல உயரம். மற்றவர்கள் குதித்தும் எட்டாத இடத்தில் நின்றபடியே பந்தைப் பிடிப்பார். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் நமது அணி சிங்கப்பூரை 69 – 50 என்று வென்றது. “69ஐப் போட்டது யாரென்று எல்லாருக்கும் தெரியும். மற்றப் பக்கத்தில நின்று அவங்களை 50இல மறிச்சது யார், சொல்லுங்க பார்ப்பம்” என்று எங்கள் மிஸ் ஒருநாள் கேட்டார். 14 பேர் வரிசையில் நின்றோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

நான் அந்த மற்றப் பக்கத்துக்காரி.

இந்த இதழை வாசிக்கும் உம்மா, வாப்பாமாருக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் 7 பேர். ஒவ்வொருவரும் நெஞ்சிலும் முதுகிலும் எழுத்துப் போட்ட ஒரு சிறிய மேலங்கி அணிவோம். அதை ‘பிப்’ என்போம். மைதானத்தில் யார் எங்கே நிற்கலாம் என்பதை அந்த எழுத்துத்தான் தீர்மானிக்கும். தடுப்பாட்டத்துக்கு 3 பிப். ஜி.கே. கடைசி மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே வரக்கூடாது. ஜி.டி. நடுப்பகுதிவரை வரலாம். டபிள்யூ.டி.யும் நடுப்பகுதிவரை வரலாம். ஆனால் வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். எதிரணிக்காரி பந்தைக் கையில் எடுத்துவிட்டால் நாங்கள் அவளிடமிருந்து 3 அடி தள்ளி நின்று கையை நீட்டலாம், அவ்வளவுதான். மேலே மோதினால் பிழை. ஆகவே அரைவட்டத்துக்குள் பந்து போய்ச் சேர்ந்தபிறகு தடுப்பது என்பது பாதி துஆவும் பாதி நம்பிக்கையும்தான். உண்மையான தடுப்பு, பந்து அவள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும். பக்கத்திலிருந்து ஓடிவந்து, அவளுக்கு முன்னால் பாய்ந்து, காற்றிலேயே பந்தைப் பறிக்க வேண்டும். பிறகுதான் ஆபத்து. பந்தைப் பிடித்ததும் முதலில் நிலத்தில் பட்ட காலைத் தூக்கலாம். ஆனால் பந்தைக் கைவிடுமுன் மறுபடியும் ஊன்றக்கூடாது. முழு வேகத்தில் ஓடிவந்த உடம்பு ஒரே காலில் நிற்க வேண்டும். பந்து போடுகிறவள் நின்று, நிதானித்து, குறிபார்த்துப் போடுகிறாள். நாங்கள் ஓடி, பாய்ந்து, ஒற்றைக்காலில் விழுகிறோம். காயம் எந்தப் பக்கத்தில் கூட என்று கேட்கத் தேவையில்லை.

இந்த வருடம் 18 வயதுக்குட்பட்ட அணியில் அந்த 3 பிப்புக்கு 5 பேர் இருந்தோம். பெயர்களை எழுதப்போவதில்லை. இந்த இதழ் வீடு வீடாகப் போகும். எங்கள் ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் மூன்றாவது வீட்டில் அது மச்சி முறையாக வந்து நிற்கும். நெடுவல் என்று நாங்கள் கூப்பிடும் ராத்தாவுக்கு ஜி.கே. நிச்சயம், அந்த உயரத்துக்கு வேறு ஆள் இல்லை. ஜி.டி. கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை. இரண்டு வருடமாக அந்த இடம் அவளுக்குத்தான். டபிள்யூ.டி. நான். ஜி.டி.க்கு அடுத்த ஆளும் நான். எனக்குப் பின்னால் தரம் 10இல் படிக்கும் ஒரு பிள்ளை, பூனைபோலச் சத்தமில்லாமல் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போவாள். ஐந்தாவது ஆள் எங்கே போட்டாலும் விளையாடுவாள்; அதனாலேயே எந்த இடமும் அவளுக்கென்று கிடைக்கவில்லை, பாவம்.

இதில் ஒருத்தி ஓர் அடி பின்னால் போனால் மற்ற எல்லாரும் ஓர் அடி முன்னால் போவார்கள். கிண்ணியாக்காரி விலகினால் நான் ஜி.டி. ஆவேன். நான் ஜி.டி. ஆனால் பூனைப்பிள்ளைக்கு டபிள்யூ.டி. கிடைக்கும். ஒருவருக்கும் ஒருவர்மேல் கோபமில்லை. கன்டீனில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத்தான் தின்றோம். ஆனாலும் ஒருத்தி குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினால், கயிறுதான் கட்டுகிறாளா, காலைப் பிடித்துப் பார்க்கிறாளா என்று மற்ற நாலு பேரின் கண்ணும் போகும்.

நோன்பு மாதம் முழுவதும் பயிற்சி இருக்கவில்லை. பெருநாள் முடிந்து வந்தபோது வலயப் போட்டிக்கு 6 கிழமைதான் மிச்சம். ஒரு மாதம் ஓடாமல் இருந்த கால்கள் முதல் கிழமையிலேயே 5 நாளும் ஓடின. கச்சான் காற்றும் தொடங்கியிருந்தது. துறைமுகப் பக்கத்து மைதானங்களில் பிற்பகல் கச்சானை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: வாயெல்லாம் மண், எறிந்த பந்து பாதி வழியில் திசைமாறும். திசைமாறிய பந்தைப் பிடிக்கப் பாய்கிறவள் தன் கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை.

இரண்டாம் கிழமை முடியும்போது ஐந்தாவது பிள்ளைக்குச் சுண்டுவிரல் வீங்கியிருந்தது. நெடுவல் ராத்தா கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டா. இருவருக்கு முன்னங்கால் எலும்போடு வலி. நாட்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக ஓடினால் அது வரும். மெல்ல மெல்லக் கூட்டியிருந்தால் வந்திருக்காது. ஆனால் அப்போது இவை எதுவும் வெளியே தெரியாது. மிஸ் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் “ஒண்டுமில்ல மிஸ்”. எனக்குத் தெரிந்தது பக்கத்தில் நின்றதால்தான்.

கிண்ணியாக்காரியின் கால் எனக்குத் தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. பயிற்சி முடிந்து தண்ணீர்க்குழாயடியில் அவள் காலுறையைக் கழற்றினாள். வலது கணுக்காலின் வெளிப்பக்கம் ஒரு முட்டையை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. அதற்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகப் பாதத்தின் விளிம்புவரை இறங்கியிருந்தது. நாலு நாளாம். உம்மாவின் பழைய சால்வையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, அதற்குமேல் இரண்டு காலுறை போட்டு ஓடியிருக்கிறாள். உம்மம்மா மட்டும் இரகசியமாகச் சுளுக்குப் பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு வந்திருக்கிறா. உருவினபிறகுதான் வீக்கம் கூடியதாம்.

“மிஸ்ஸிட்ட சொல்லாத புள்ள.”

“சொன்னா என்ன? ரெண்டு கிழமை இருந்துட்டு வருவாய்தானே.”

“மிஸ்ஸுக்குப் பயமில்ல. மிஸ் உம்மாக்குப் போன் பண்ணுவா. உம்மா என்னை விடக்கொள்ளயே ஒரு கதைதான் சொன்னா: ‘விழுந்து கிழுந்து வந்தியெண்டா அதோட சரி.’ ரெண்டு வருஷமா நான் வீட்டில ஒருநாளும் நொண்டினதில்ல.”

அவள் காயத்தை மறைத்தது என் பயத்தால் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போட்டி என்றால் அப்படித்தானே கதை எழுதுவார்கள். ஆனால் அவளுக்கு நான் இரண்டாம்பட்சம். எனக்கு ஜி.டி. போனால் அடுத்த வருடம் திரும்பக் கேட்டு வாங்கலாம். வீட்டில் “அதோட சரி” என்று ஆகிவிட்டால் அடுத்த வருடமே இல்லை. பஸ்ஸில் போகும்போது எனக்கு இதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அணியில் எத்தனை பேர் இதே நிபந்தனையோடு விளையாட வந்திருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். என்னுடைய வீட்டையும் சேர்த்து 9. விழக்கூடாது என்ற நிபந்தனையோடு, விழுந்தால்தான் பந்து கிடைக்கும் இடத்தில் நிற்கிறோம்.

அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: “நீ சொன்னா ஜி.டி. உனக்குத்தான்.” அதுதான் சிக்கல். நான் வாயைத் திறந்தால் நல்லதுக்குச் சொன்னேனா, பிப்புக்குச் சொன்னேனா என்று எனக்கே பிரித்துக் காட்ட முடியாது. அதனால் நாளைக்கு நீயாகச் சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். உன் பிப்பை நான் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கும் அந்த இடம் வேண்டும். அவளுக்கும் அது தெரியும். “சரி, நீ பொய் சொல்லல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலுறையைப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். மிஸ் ஏசவில்லை. உட்காரவைத்து, கணுக்காலின் இரண்டு பக்கத்து எலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நாலு அடி நடக்கச் சொன்னார். நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, அந்த எலும்பில் அழுத்தும்போது நொந்தாலோ கட்டாயம் எக்ஸ்-ரே எடுக்க வேண்டுமாம். வைத்தியர்கள் பார்க்கும் கணக்கும் அதுதானாம். அவள் நடந்தாள். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்று மிஸ் வீட்டுக்குப் போன் எடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எலும்பு முறியவில்லை. வெளிப்பக்கத்து இணைப்பு நார் இழுபட்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்னாராம். முதல் 2 நாளும் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டி வைத்து, அளவாகக் கட்டி இருந்திருந்தால் பாதி வீக்கம் வந்திராது. சூடான எண்ணெய் போட்டு உருவியது உள்ளே கசிவை இன்னும் கூட்டிவிட்டது என்றும் சொன்னாராம். உம்மம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் காயத்தைப் பார்த்துவிட்டு “இனி விளையாடாதே” என்று சொல்லாத ஒரே ஆள் அவதான்.

திங்கட்கிழமை அவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்தா. பயிற்சியை நிறுத்தச் சொல்லத்தான் வந்தா. நாங்கள் பக்கத்து வகுப்பு ஜன்னலடியில் நின்றோம். காது தானாகப் போனது. சண்டை பிடிப்பா என்று நினைத்தால், அந்த மனுஷி அழுதா. “வாப்பா கட்டாரில மிஸ். இவ கால ஒடச்சா கொழும்புக்குக் கொண்டு போறது ஆரு? நான்தான். சனம் கேட்கிறது அவரையா? என்னைத்தான். ‘நீதானே வெளயாட உட்டாய்’ எண்டு மாமிமார் கேட்பாங்க. நாளைக்கு ஒரு இடத்தில இருந்து கேட்டு வந்தாலும் ‘புள்ளைக்குக் காலில என்னமோ’ எண்டு கதை போகும்.”

எங்கள் விளையாட்டைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் எல்லாரும் உடுப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அதெல்லாம் எப்போதோ தீர்ந்த கதை. நாங்கள் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் ஸ்கார்ஃபும் போட்டுத்தான் விளையாடுகிறோம். 2014இல் உதைபந்தாட்டமும் 2017இல் கூடைப்பந்தாட்டமும் தங்கள் சர்வதேச விதிகளையே மாற்றித் தலைமறைப்புக்கு இடம் கொடுத்துவிட்டன. தலையைப் பற்றி இவ்வளவு பேசினவர்கள் கணுக்காலையும் முழங்காலையும் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த உம்மாவின் பயம் நியாயமானது. அதற்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மிஸ் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. “அவ நல்லா வருவா, நாட்டுக்கு விளையாடுவா” என்றெல்லாம் சொல்லவில்லை. இயன்மருத்துவப் பகுதியில் கொடுத்த தாளை மேசையில் விரித்தார். ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, துவாயால் பாதத்தை இழுப்பது. “இதை ஒரு நாளைக்கு 10 நிமிஷம் செய்யோணும். செய்யாட்டி விளையாட்டை விட்டாலும் இந்தக் கால் திரும்பத் திரும்பச் சுளுக்கும், படியில இறங்கினாலும் சுளுக்கும். நீங்கதான் பக்கத்தில இருந்து எண்ணோணும்.” அந்த உம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா. பயிற்சியை நிறுத்தச் சொல்ல வந்ததை மறந்துவிட்டாவா, இல்லை மனம் மாறிவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரவில் இஷாத் தொழுகை முடிந்தபிறகு எண்ணுவாவாம். மகள் 8இல் நிறுத்தினால் “10 வரைக்கும் போ” என்பாவாம்.

அந்தக் கிழமைதான் மிஸ் களஞ்சிய அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். பெயர், எங்கே நோகிறது, எப்போதிலிருந்து, மூன்று நிரல். கீழே ஒரு வரி: இதில் பெயர் எழுதுகிறவளின் பிப், அவள் சோதனையில் தேறித் திரும்பி வரும்வரை அவளுடையதே, இடையில் போடுகிறவள் காவல் ஆள் மாத்திரம்.

நாலு நாளில் அந்தத் தாளில் 6 பெயர். நெடுவல் ராத்தாவின் தோள், சுண்டுவிரல், முன்னங்கால் இரண்டு, மையத்தில் ஆடும் பிள்ளையின் முதுகு, கிண்ணியாக்காரியின் கணுக்கால். பிரதி அதிபர் மேடம் அதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனார். “6 பேருக்குக் காயமா? பயிற்சியை நிறுத்துங்க!” மிஸ் சொன்னார்: “போன கிழமையும் இந்த 6 பேரும் நொண்டினவங்கதான் மேடம். இப்பதான் எழுத்தில இருக்கு.”

அதற்குப்பிறகு பயிற்சியின் முதல் 20 நிமிடம் மாறியது. பந்தைத் தொடவே விடவில்லை. விழப் பழகினோம். பாய்ந்து விழும்போது முழங்கால் நேராக விறைத்திருக்கக்கூடாது. உள்பக்கம் சரியவும் கூடாது. பெருவிரல் பார்க்கும் திசையில் மடங்க வேண்டும். ஓடிப் பாய்ந்து சட்டென்று நிற்கும் விளையாட்டுகளில் முழங்காலுக்குள்ளே குறுக்காக இருக்கும் இணைப்பு நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடிப்பதில்லை. தனியாக விழும்போதே அறும். அறுந்தால் சத்திரசிகிச்சை செய்தாலும் மைதானத்துக்குத் திரும்ப 9 மாதமாவது வேண்டும். அவுஸ்திரேலிய வலைப்பந்துக்காரர்கள் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘நீ’. முழங்காலுக்கு ஆங்கிலச் சொல். பூனைப்பிள்ளை பெயரை மட்டும் கேட்டுவிட்டு “நானா மிஸ்?” என்று எழுந்து நின்றதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான உதைபந்தாட்டப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட ஆயத்தப் பயிற்சியைச் செய்து பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்திருந்தன. எங்கள் வயதுப் பிள்ளைகள்தான். அதற்குப் பெரிய காசும் தேவையில்லை, நிலமும் 20 நிமிடமும் போதும். எங்கள் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. பின்னேரத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியைக் கடக்கும். மிஸ் காட்டினார்: “மதகைப் பாயிற நேரம் பாருங்க. காலை விறைச்சுக்கொண்டா விழுது?”

ஒருநாள் மழை பெய்து மைதானம் நனைந்தபோது வகுப்பறையில் இரண்டு பேரின் ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். நியூசிலாந்தின் கேசி கோப்புவா, அணித் தலைவியாக இருந்தபோதே 2014இல் முழங்கால்சில்லின் நாண் அறுந்து விழுந்தவர். அடுத்த வருடமே உலகக் கிண்ணத்தில் விளையாடினார். 2019இல் கிண்ணத்தை வென்ற அணியிலும் இருந்தார். அதே 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில்தான் இங்கிலாந்தின் லேலா கஸ்கொத்துக்குக் குதிகால் நாண் அறுந்தது. அவர் தொழிலில் ஒரு வைத்தியர். 2023இல் கேப்டவுன் உலகக் கிண்ணத்தில் இரண்டாமிடம் பெற்ற இங்கிலாந்து அணியில் மறுபடி இருந்தார். காயம் நேர்ந்த அன்று இருவரும் மைதானத்திலேயே விழுந்துவிட்டார்கள், மறைக்க வழியில்லை, உலகமே பார்த்தது. பார்த்ததனால் அவர்களுக்குச் சிகிச்சை, ஓய்வு, திரும்பி வரும் திட்டம் எல்லாம் கிடைத்தது. காலுறைக்குள் மறைக்கக்கூடிய அளவு காயம்தான் கெட்டது என்று எனக்குத் தோன்றியது.

4 கிழமை நான் ஜி.டி. காவல். அந்த நாலு கிழமையில் நான் நன்றாக விளையாடினேன். அதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அரைவட்டத்துக்குள் நெடுவல் ராத்தாவோடு கண்ணாலேயே பேசப் பழகினேன்: அவ பின்னால், நான் முன்னால். என் இடத்தில் பூனைப்பிள்ளை எனக்கும் மேலாக விளையாடினாள். கிண்ணியாக்காரி ஒவ்வொரு நாளும் வந்து ஓரத்தில் இருந்து, நான் எங்கே பிந்துகிறேன் என்று கணக்கெடுத்துச் சொல்வாள். “அவ இடது பக்கம் போற மாதிரிக் காட்டி வலது பக்கம்தான் போவா. நீ தோளைப் பாக்கிறாய், இடுப்பைப் பாரு.” தன் இடத்துக்கு வந்தவளுக்கு அந்த இடத்தின் இரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

வலயப் போட்டிக்கு 5 நாள் இருக்கும்போது அவளுக்குச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு வலது காலில் 30 செக்கன் நின்றாள். ஒற்றைக்காலில் 10 முறை குதித்தாள். இடது காலில் போன தூரமே வலது காலிலும் போனாள். கூம்புகளுக்கிடையில் வளைந்து வளைந்து ஓடினாள். மிஸ் தாளில் அவள் பெயரை வெட்டினார். நான் பிப்பைக் கழற்றிக் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று எழுதினால் பொய். தொண்டைக்குள் ஏதோ நின்றது. பூனைப்பிள்ளையும் தன்னுடையதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அவளும் சிரிக்கவில்லை.

வலயப் போட்டியில் இறுதிவரை போனோம். அவளுடைய உம்மா வந்திருந்தா. குடையை விரித்துக்கொண்டு மற்ற உம்மாமாரோடு ஓரத்தில் இருந்தா. மகள் பாயும் ஒவ்வொரு முறையும் குடையை முகத்துக்கு முன்னால் இறக்குவா. விழுந்த சத்தம் கேட்டபிறகு மெல்ல உயர்த்திப் பார்ப்பா. மூன்றாம் பகுதி முடியும்போது கிண்ணியாக்காரி தானாகவே கையை உயர்த்தினாள். விழவில்லை, நொண்டவுமில்லை. “இறுகுது மிஸ்” என்றாள். கடைசிப் பகுதிக்கு நான் ஜி.டி.; பூனைப்பிள்ளை டபிள்யூ.டி. இரண்டு கோலால் தோற்றோம். அவள் நின்றிருந்தால் வென்றிருப்போம் என்று இன்றும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அன்றிரவு அவள் பாலம் கடந்து வீட்டுக்கு நடந்தே போனாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பஸ் தரிப்பிடத்திலிருந்து வாசல்வரை உம்மாவின் கையைக்கூடப் பிடிக்கவில்லையாம்.

அதற்குப்பிறகு அவளுடைய உம்மா கணுக்காலுக்குப் பட்டி ஒட்டப் பழகிவிட்டா. இப்போது பயிற்சி நாட்களில் காலையிலேயே ஒட்டித்தான் அனுப்புவா, எங்களைவிடச் சீராக. என்னுடைய உம்மா இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் “விழுந்தா அதோட சரி” என்பது எங்கள் வீட்டில் “விழுந்தா சொல்லு” என்றாகியிருக்கிறது. அதற்கே ஒரு வருடம் போனது. அவளுடைய உம்மா எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து தேநீர் குடித்ததும் ஒரு காரணம்.

நெடுவல் ராத்தா உயர்தரம் எழுதப் போய்விட்டா. அடுத்த கிழமை தெரிவு. 3 பிப்புக்கு இம்முறை 7 பேர். பூனைப்பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். மிஸ் கதவில் புதிய தாளை ஒட்டிவிட்டார். இதுவரை ஒரு பெயர்தான் இருக்கிறது. அது என்னுடையது: இடது முழங்கால், செவ்வாயிலிருந்து.